இத்தாலி பாஷைப் புத்தகம் ஒன்று

வெள்ளைக்காரச் சாமியார்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் முன்ஷிகளிடையே ஒரு வழக்கம் இருந்தது. சாமி தப்பாகச் சொன்னால் தப்பு என்று சொல்லக் கூடாது. "அப்படியும் சொல்லலாம் சாமி" என்று சொல்ல வேண்டும். சற்று நேரம் கழித்து, வேறு எதையோ பேசுவதுபோல, சரியான வாக்கியத்தைத் தானே ஒருமுறை சொல்லிவிட வேண்டும். சாமிக்குக் காது இருந்தால் பிடித்துக்கொள்வார். இல்லாவிட்டால் அது அவர் பாடு.

எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர், பாடப் புத்தகத்தை என்னிடம் ஒப்படைத்த நாளில் கடைசியாக இதைச் சொன்னார். "பிழை திருத்துறதுக்கு நம்மள வைக்கல தம்பி. பேச்சுத் துணைக்கு வச்சிருக்காக. பீடத்துல நிக்கிறவரப் பாத்துத் தப்புன்னு சொல்லிப்புட்டு, நாளைக்கு அவரு கையால எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பூசையில நாக்க நீட்டி நன்மை வாங்குவ?"

நான் அப்போது மதுரையில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் கீழ்வகுப்புகளுக்குத் தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். முப்பதுகளின் பிற்பகுதி. வாரத்தில் நான்கு நாள் காலையில் சைக்கிளில் பசுமலையைக் கடந்து, திருப்பரங்குன்றத்தைச் சுற்றிக்கொண்டு, மேற்கே பிரியும் வண்டிப்பாதையில் சாமி பங்களாவுக்குப் போவேன். பங்களா என்று பெயர்தான். இரண்டு அறை, ஓட்டுக் கூரை, ஒரு வராந்தா. சுற்றிலும் சோளக்காடு. முன்னால் சின்னக் கோயில். இரண்டு மணி நேரம் பாடம் முடிந்ததும் திரும்பி வந்து பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் வகுப்பில் இருப்பேன்.

அங்கே இருந்த சாமிக்கு நாற்பதை நெருங்கும் வயது. உயரம். வெயில் பட்டால் கழுத்து சிவந்துவிடும். எங்கள் பக்கத்துச் சாமியார்களில் பெரும்பாலோர் பிரெஞ்சுக்காரர்கள். இவர் மட்டும் அவர்களோடு பேசும்போது சொற்களைத் தேடிக்கொண்டு பேசுவார். இத்தாலிக்காரர் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படியே நினைத்திருந்தேன்.

புதிதாக வரும் குரு தமிழில் தேறினால்தான், ஜனங்கள் தங்கள் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் கேட்க அனுமதி கிடைக்கும். இரண்டு முதிய சாமியார்கள் உட்கார்ந்து பரீட்சை வைப்பார்கள். அதற்காக அவருக்குக் கொடுத்திருந்த இலக்கணம் லத்தீனில் இருந்தது. பல தலைமுறைகளுக்கு முன்னால் இந்தச் சீமைக்கு வந்த சாமியார்கள் தங்களுக்குள் எழுதிவைத்துக்கொண்டதன் வழியில் வந்த புத்தகம். என் தாய்நாட்டு மொழியின் விதிகளை அவர் லத்தீன் வழியாகப் படிப்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஆரம்பத்தில் விநோதமாக இருந்தது.

அவர் மேசையில் இன்னொரு சிறு புத்தகமும் இருக்கும். துணி அட்டை. முதல் பக்கத்தில் இரண்டு தலைக் கழுகு பதித்த ஒரு பள்ளிக்கூட முத்திரை. உள்ளே இங்கிலீஷ் எழுத்துதான், ஆனால் சில எழுத்துகளின் தலையில் சின்னக் கொக்கி ஒன்று மாட்டியிருக்கும். ஒவ்வொரு நாளும் பாடம் முடிந்ததும், அன்று படித்த தமிழை அந்தப் புத்தகத்தின் ஓரங்களில் பென்சிலால் எழுதிக்கொள்வார். வேற்றுமை என்றால் அந்த மொழியின் வேற்றுமைப் பாடத்துக்குப் பக்கத்தில், வினை என்றால் வினைப் பாடத்துக்குப் பக்கத்தில். எழுத்து கோணினால் என்னையே எழுதச் சொல்வார். இரண்டு ஆண்டுகளில் அந்தப் புத்தகத்தின் ஓரமெல்லாம் தமிழாகிவிட்டது. பாதி அவர் கை, பாதி என் கை.

அவருடைய முதல் தமிழ்ப் பிரசங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. நான் எழுதிக் கொடுத்ததுதான். நல்ல இலக்கணச் சுத்தமான தமிழ். பூசை முடிந்து வராந்தாவில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, எப்படி இருந்தது என்று சமையல்காரரிடம் கேட்டார். சமையல்காரர் பக்கத்துக் கிராமத்து ஆள், வாய்த் துடுக்கு.

"அம்புட்டும் நல்ல தமிழு சாமி."

"புரிந்ததா?"

"அதான் சொல்றேன்ல, நல்ல தமிழுன்னு. நல்ல தமிழு எப்பிடிச் சாமி வெளங்கும்?"

சாமி என்னைப் பார்த்தார். நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "அப்படியும் பேசலாம் சாமி" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "முன்ஷியாரே, நீங்கள் 'அப்படியும்' என்று சொன்னால் அது தப்பு என்று அர்த்தம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாதம் ஆயிற்று" என்றார். அன்று முதல் பாடத்தின் பாதி நேரம் சமையல்காரரும் எங்களோடு உட்கார வேண்டும் என்று வைத்தார். அவர் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே பேசுவார். சாமி 'வாரேன்', 'போறேன்', 'எம்புட்டு' எல்லாம் அவரிடம்தான் படித்தார்.

அந்தக் கொக்கிப் புத்தகத்தைப் பற்றி நான் கேட்டது மழைக்காலத்தில் ஒரு நாள். பாதை சகதியாகி, சைக்கிளை உருட்டிக்கொண்டு தாமதமாகப் போயிருந்தேன். பாடம் நடத்த மனமில்லை. அது என்ன மொழி என்றேன்.

"என் மொழி. ஸ்லோவேனிய மொழி" என்றார்.

"சாமி இத்தாலியில்ல?"

"நான் பிறந்தபோது எங்கள் ஊர் ஆஸ்திரியச் சக்கரவர்த்தியிடம் இருந்தது. போர் முடிந்ததும் இத்தாலிக்குக் கொடுத்துவிட்டார்கள். ஊர் நகரவில்லை. எல்லைதான் நகர்ந்தது."

பிறகு அவர் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே தருகிறேன். அவர் மொழியில் முதலில் அச்சான புத்தகங்கள் ஒரு வேதபாடமும் ஓர் அரிச்சுவடியும். எழுதியவர் புராட்டஸ்டண்டாகிவிட்ட ஒரு குரு. நாட்டில் இருக்க முடியாமல் ஜெர்மன் தேசத்துக்குப் போய் அங்கே அச்சடித்தார். முதல் புத்தகத்தில் அவருடைய சொந்தப் பெயர் இல்லை. அச்சான ஊர் என்று போட்டிருந்ததும் பொய். அந்தக் கூட்டத்தாரின் புத்தகங்கள் பீப்பாய்களில், வேறு சரக்கோடு சரக்காக, மலை தாண்டி ஊருக்குள் வந்தன. ஒரு தலைமுறை கழித்து ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் முதல் இலக்கணத்தை எழுதினார். அதை லத்தீனில் எழுதினார்.

"அவுக பாஷைக்கு அவுக பாஷையிலயே எழுதக் கூடாதா?" என்று சமையல்காரர் கேட்டார்.

"எழுதியிருந்தால் படித்தவர்கள் அதை ஒரு மொழி என்று நம்பியிருக்க மாட்டார்கள்" என்றார் சாமி.

அதற்குப் பிறகு ஆயர் ஒருவர் வந்து அந்தப் புத்தகங்களைச் சந்தையில் குவித்து எரித்தார்.

"எந்தச் சபை சாமி எரிச்சது?" என்றேன்.

"நம்முடைய சபை" என்றார்.

நெடுங்காலம் கழித்து ஒரு துறவி மீண்டும் இலக்கணம் எழுதினார். அது ஜெர்மனில். பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியிலேயே அவர்கள் இலக்கணம் கிடைத்தது பிரெஞ்சுப் படைகள் அந்த நாட்டைப் பிடித்திருந்த சில ஆண்டுகளில்தான். முதல் இலக்கணத்துக்கும் அதற்கும் இடையே இருநூறு ஆண்டுகளுக்கு மேல். அவர் கையில் இருந்தது அதற்கும் பின்னால் வந்த ஒரு பள்ளிப் புத்தகம். அவருடைய அக்கா பள்ளிக்கூட ஆசிரியை. இத்தாலிய அரசு வந்ததும் பள்ளிகளில் அந்த மொழியை நிறுத்திவிட்டது. அக்காவை இத்தாலியின் தென்கோடிக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது இந்தப் புத்தகத்தைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போனார். தம்பி தம் பங்குக் கோயிலில் ஞானோபதேசம் என்ற பெயரில் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். போலீஸ் வரத் தொடங்கியது. மேலிடம் அவரைக் கடல் தாண்டி அனுப்பிவைத்தது. புறப்படுவதற்கு முன் வாங்கிய பாஸ்போர்ட்டில் அவருடைய குடும்பப் பெயரின் கடைசி எழுத்துகளை மாற்றி, இத்தாலியப் பெயராக்கிக் கொடுத்தார்கள்.

"உங்கள் அம்மா உங்களோடு என்ன மொழியில் பேசுகிறார்கள்?" என்று திடீரென்று கேட்டார்.

எனக்குக் கூச்சமாகப் போயிற்று. எங்கள் வீடு திருமங்கலத்துக்கு மேற்கே கரிசல் ஓரத்தில். சம்சாரிக் குடும்பம், விவசாயம். வீட்டில் தெலுங்கு. எழுதத் தெரியாத தெலுங்கு. தெலுங்கு நாட்டுக்காரர் கேட்டால் சிரிப்பார். ஜனக்கணக்கு எடுக்க வந்தவர் தாய்மொழி என்னவென்று கேட்டபோது, எங்கள் ஐயா "தமிழுன்னு போட்டுக்கங்க, எதுக்கு வம்பு" என்றார். அந்தக் கணக்கர் முகத்தில் நிம்மதி தெரிந்தது எனக்கு நினைவிருக்கிறது. எங்கள் பக்கத்தில் தாளை நிரப்புவது அப்படித்தான். உள்ளதை எழுதுவது அல்ல, எழுதுகிறவருக்குச் சிரமம் இல்லாததைச் சொல்வது. அதை நாங்கள் பொய் என்று நினைத்ததில்லை. மரியாதை என்று நினைத்தோம்.

இதைச் சாமியிடம் சொன்னேன்.

ஐரோப்பாவில் போர் தொடங்கிய ஆண்டு, அந்நிய நாட்டார் எல்லோரும் போலீஸ் அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. சாமியோடு நானும் மதுரைக்குப் போனேன். பரீட்சையில் அவர் தேறிவிட்டிருந்தாலும், அலுவலகம் என்றால் பக்கத்தில் ஒரு நம் ஊர் ஆள் வேண்டுமென்று மேலிடத்தில் நினைத்தார்கள். குமாஸ்தா வாயில் எப்போதும் வெற்றிலை. நல்ல மனிதர். பாரத்தை நிரப்பும் வேலையை என்னிடமே கொடுத்துவிட்டார். "நீங்களே எழுதுங்க வாத்தியாரே, ஒங்க எழுத்து முத்து மாதிரி இருக்கு."

பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பெயர் எழுதினேன். இத்தாலியப் பிரஜை என்று எழுதினேன். அடுத்து, தாய்மொழி. சாமி தம் மொழியின் பெயரைச் சொன்னார்.

குமாஸ்தா தலையைத் தூக்கினார். "என்ன பாஷை?"

சாமி மறுபடி சொன்னார்.

"அப்பிடி ஒண்ணு கேள்விப்பட்டதில்லையே. அது எந்த ராஜ்யம்?"

"முன்னால ஆஸ்திரியாவுல இருந்துச்சு" என்றேன் நான்.

"ஆஸ்திரியாவா? அது இப்ப ஹிட்லர்ட்டல்ல இருக்கு? அண்ணே, சும்மா இருக்கிறவர சண்டைக்காரன் லிஸ்டுல ஏத்திவிட்றாதீங்க. ஆஸ்திரியா, அது இதுன்னு ஒரு வார்த்த பாத்தாலே மேல இருந்து ஆயிரம் கேள்வி வரும். இத்தாலி சும்மா ஒதுங்கிக் கெடக்கு. பிரஜை இத்தாலின்னா பாஷையும் இத்தாலி. முடிஞ்சுபோச்சு."

அவர் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த மாதத்தில் இத்தாலி போரில் இல்லை. ஜெர்மன் சாமியார்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சாமி என் பக்கம் திரும்பினார்.

"முன்ஷியாரே, இத்தாலி என்று எழுதலாமா?"

"அப்படியும் எழுதலாம் சாமி" என்றேன்.

சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். அந்தச் சொல்லின் பொருள் எங்கள் இருவருக்குமே தெரியும். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டார். கீழே, நிரப்பியவர் என்ற இடத்தில் நானும் கையெழுத்திட்டேன். வெளியே வந்தோம். டவுன்ஹால் தெருவில் சைக்கிள் டியூப் ஒன்று வாங்கினோம்.

அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் இத்தாலி போரில் இறங்கியது. அந்தச் செய்தி வந்த மூன்றாம் நாள் காலை, நான் பங்களாவுக்குப் போனபோது வாசலில் போலீஸ் கார் நின்றது. இன்ஸ்பெக்டர் வராந்தாவில் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மரியாதையானவர். உள்ளே ஏட்டு ஒருவர் அலமாரியைச் சோதித்துக்கொண்டிருந்தார். அலுவலகத்திலிருந்து கூட்டிவந்திருந்த ரைட்டர் தரையில் உட்கார்ந்து பட்டியல் எழுதினார். கடிதக் கட்டு ஒன்று. குடும்பப் படம் ஒன்று. தேசப்படம் ஒன்று. கொக்கிப் புத்தகத்தைப் புரட்டினார். அச்சு எழுத்தில் தெரியாத மொழி, ஓரத்தில் பென்சில் தமிழ். இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

"இது என்ன, சங்கேதமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இலக்கணம்" என்றார் சாமி.

"எந்தப் பாஷ?"

சாமி பதில் சொல்வதற்குள் ரைட்டர் சத்தமாகப் படித்துக்கொண்டே எழுதிவிட்டார்: "இத்தாலி பாஷைப் புத்தகம் ஒன்று."

"இத்தாலி இல்லை" என்றேன் நான்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். தோல் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அது நான் நிரப்பிய பாரம். என் முத்து முத்தான எழுத்து.

"இது ஒங்க கையெழுத்துதானே சார்?"

"ஆமா."

"தாய்மொழி இத்தாலின்னு நீங்கதானே எழுதியிருக்கிய?"

"நான்தான்."

சாமியின் ஊர்க் கதையையும் சுருக்கமாகச் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பாருங்க. பாஸ்போர்ட் இத்தாலி, அத மாத்த ஒண்ணும் செய்ய முடியாது. ஆனா ஆளு வேற ஜனம், வேற பாஷ, அந்த அரசாங்கத்தால கஷ்டப்பட்டவருன்னு பதிவுல ஒரு வரி இருந்தா, இந்தப் பங்களாவுலயே இருக்கட்டும், வாரம் ஒருதடவ ஸ்டேஷன்ல வந்து கையெழுத்துப் போடட்டும்னு நான் மேல எழுதலாம். எழுதினா ஒத்துக்கிடுவாங்க. இவருக்குப் பதிவே எதிரால்லா இருக்கு."

"நான் இப்ப எழுதித் தர்றேன். அன்னைக்கு எழுதினது தப்பு."

"தப்பா, பொய்யா? சர்க்கார் பதிவுல பொய் எழுதினேன்னு ஒரு பள்ளிக்கூட வாத்தியார் எழுதித் தந்தா அது அவரோட போகாது. ஒங்களையும் இழுக்கும். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. பள்ளி வேலை, திருமணமாகாத இரண்டு தங்கைகள், ஐயாவின் முகம் எல்லாம் வந்து போயின. ஏட்டு ஒரு பெட்டியை மூடும் சத்தம் கேட்கும்வரை யோசித்திருப்பேன்.

அதற்குள் சாமி சொன்னார்: "கையெழுத்து என்னுடையது. பொறுப்பும் என்னுடையது. முன்ஷி எழுத்தர் மட்டும்தான்."

"நான் எழுதித் தர்றேன்" என்றேன்.

எழுதிக் கொடுத்தேன். அவர் மொழி எது, அதை நான் எப்படி அறிவேன், அன்று ஏன் வேறாக எழுதினேன், எல்லாம் ஒரு பக்கத்தில். குமாஸ்தாவின் பேச்சை அதில் சேர்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். பதில் வருவதற்கு ஏழு வாரம் ஆயிற்று: பதிவில் உள்ளதே செல்லும். என்மேல் நடவடிக்கை ஏதும் வரவில்லை. என் தாளை யாரும் முழுதாகப் படித்திருக்க மாட்டார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

அதற்கெல்லாம் முன்பே, அன்று பகலிலேயே, அவரைக் கொண்டுபோய்விட்டார்கள். சமையல்காரர் ஒரு ஜாடி நார்த்தங்காய் ஊறுகாயைக் காருக்குள் வைத்தார்.

"அங்க சோறு போடுவாய்ங்களா சாமி?"

"போடுவார்கள்."

"உப்பு இருக்காது. இத வச்சுக்கங்க."

சாமி காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, எங்கள் ஊர்க்காரர் யாரும் சொல்வதுபோல, "வாரேன்" என்றார். புறப்படுகிறவர் போறேன் என்று சொல்லக் கூடாது என்பது அவருக்கு நான் சொல்லித்தராதது.

வடக்கே மலையடிவாரத்தில் ஒரு முள்வேலி முகாம். அங்கிருந்து அவருடைய முதல் அட்டை வந்தபோது தமிழில் இருந்தது. தணிக்கைக்கு மதராஸில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் இருந்தார், அதனால் தமிழில் எழுத அனுமதி கிடைத்தது. அவருடைய சொந்த மொழியைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஆகவே அதில் எழுதக் கூடாது. அக்காவுக்கு அவர் இத்தாலிய மொழியில் எழுத வேண்டியிருந்தது. இதைக் குறையாக எழுதவில்லை. "நலம். ஊறுகாய் தீர்ந்துவிட்டது. சமையல்காரரிடம் சொல்லவும்" என்ற வரிக்கு முன்னால் தகவலாக எழுதியிருந்தார்.

மறுவருடம் நடுவில் வந்த அட்டை வேறு மாதிரி. ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிடிபட்ட இத்தாலியச் சிப்பாய்களைப் பக்கத்து வேலிக்குள் கொண்டுவந்திருந்தார்கள். அவர்களுக்கு ஞாயிறு பூசை வைக்க இவரை அனுமதித்தார்கள். பூசை முடிந்து வந்த சிலர் இவரோடு பேச்சுக் கொடுத்தபோது, அவர்கள் இவருடைய மலைப்பக்கத்து வாலிபர்கள் என்று தெரிந்தது. எல்லோரும் இத்தாலியப் பள்ளியில் படித்தவர்கள். தங்கள் மொழியைப் பேசுவார்கள், எழுத வராது. வீட்டுக்கு இத்தாலிய மொழியில் கடிதம் எழுதுகிறார்கள். தாய்மார்களுக்கு அது புரியாது, யாரிடமாவது கொடுத்துப் படித்துக்கொள்கிறார்கள். "இவர்களுக்கு வாரம் இரண்டு நாள் பாடம் தொடங்க உத்தரவு பெற்றுவிட்டேன். எனக்கு நினைவில் இருப்பது போதவில்லை. அந்தப் புத்தகத்தை வாங்கி அனுப்ப முடியுமா? அதிகாரக் கடிதம் தனியே வருகிறது" என்று முடித்திருந்தார்.

அதிகாரக் கடிதத்தோடு போலீஸ் அலுவலகத்துக்குப் போனேன். அதே ரைட்டர். பதிவேட்டைப் புரட்டி விரலை வைத்தார்.

"இருக்கு. இத்தாலி பாஷைப் புத்தகம் ஒண்ணு. இங்க ஒரு கையெழுத்து."

"அண்ணே, இது இத்தாலி இல்ல. அத அடிச்சுட்டு மாத்தி எழுதுங்க, நான் கையெழுத்துப் போடுறேன்."

"வேற என்ன?"

சொன்னேன்.

அவர் பதிவேட்டின் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை பொறுமையாகப் படித்தார். "அப்பிடி ஒரு புத்தகம் எங்ககிட்ட இல்லையேண்ணே."

"உங்க கையில இருக்கிற புத்தகம்தான்."

"கையில இருக்கு. ரெஜிஸ்தர்ல இல்ல. ரெஜிஸ்தர்ல இல்லாதத நான் எப்பிடிக் குடுப்பேன்? இத்தாலின்னு போட்டா இந்த நிமிஷமே தூக்கிட்டுப் போங்க."

நான் கையெழுத்துப் போடவில்லை. அந்தச் சொல்லை ஒருமுறை எழுதியதே போதும் என்று எனக்குள் ஒரு வைராக்கியம் இருந்தது. இரண்டு மாதத்தில் நான்கு தடவை போனேன். மேலதிகாரிக்கு மனுக் கொடுத்தேன். பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது என்று பதில் வந்தது. நடந்ததை விவரமாக முகாமுக்கு எழுதினேன். இந்தமுறை உண்மையை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்பதைச் சற்று அழுத்தியே எழுதியிருந்தேன்.

பதில் அட்டையில் நான்கே வரி. "எங்கள் முதல் புத்தகமே பொய்ப் பெயரும் பொய் ஊரும் போட்டுக்கொண்டுதான் பிறந்தது. பீப்பாயின்மேல் என்ன எழுதியிருந்தது என்று யாரும் இப்போது கேட்பதில்லை. இங்கே பதினோரு பேர் காத்திருக்கிறார்கள். அப்படியும் எழுதலாம், முன்ஷியாரே."

மறுநாள் போய்க் கையெழுத்திட்டேன். ரைட்டர் புத்தகத்தைத் துணியால் துடைத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது, "ஓரத்துல பென்சில்ல கிறுக்கியிருக்கே, அதோட அனுப்பினீங்கன்னா தணிக்கையில நிறுத்திருவாய்ங்க. அழிச்சிட்டு அனுப்புங்க" என்றார். நல்ல யோசனை. அவர் சொல்லாவிட்டால் எனக்குத் தோன்றியிருக்காது.

பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் அறையில் உட்கார்ந்து ரப்பரால் அழித்தேன். இரண்டு நாள் மதியம் பிடித்தது. முதல் பக்கங்களில் அவருடைய கோணல் எழுத்து, பிறகு நேரான எழுத்து, இடையிடையே என்னுடையது. கடைசிப் பக்கங்களில் சமையல்காரரின் வார்த்தைகள், யார் சொன்னது என்ற குறிப்போடு. எல்லாம் போயிற்று. பென்சிலை அழுத்தி எழுதிய இடங்களில் தாளில் பள்ளம் மட்டும் இருந்தது. விரலால் தடவினால் தெரியும். தணிக்கையில் யாரும் தடவிப் பார்க்க மாட்டார்கள் என்று விட்டுவிட்டேன்.

பொட்டலத்தை எடுத்துக்கொண்டு தபாலாபீசுக்குப் போனால், உள்ளே இருக்கும் பொருள், மொழி இரண்டையும் மேலே எழுத வேண்டும் என்றார்கள். மூன்றாம் தடவையாக அதே சொல்லை எழுதினேன். வேதத்தில் சீடர் மூன்றாம் தடவை மறுதலித்ததும் கூவியதுபோலச் சேவல் ஒன்றும் கூவவில்லை. தபால் குமாஸ்தா முத்திரை குத்திப் பின்னால் இருந்த சாக்கில் போட்டார்.

புத்தகம் சேர்ந்தது என்று ஓர் அட்டை வந்தது. அதன்பின் நெடுநாள் ஒன்றும் இல்லை. நான் பள்ளி வேலையை விட்டுப் பத்திரிகைக்குப் போய்விட்டேன். பங்களாவுக்கு வேறு சாமி வந்தார். சமையல்காரர் அவரிடம் நிலைக்கவில்லை, ஊரோடு போய்விட்டார்.

கடைசி அட்டை போர் முடிவதற்கு முந்திய ஆண்டில் வந்தது. பள்ளி முகவரிக்குப் போய், அங்கிருந்து பத்திரிகை அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. அந்த வாலிபர்கள் இத்தாலியர் அல்லர் என்பதை ஒருவழியாக ஒப்புக்கொண்டு, எல்லைக்கு அப்பால் அவர்கள் மொழி பேசும் நாட்டின் படையில் சேர்ப்பதற்காக எகிப்துக்கு அனுப்புகிறார்கள். அவர்களுடைய ஞானகுருவாக இவரும் போகிறார். புத்தகத்தையும் எடுத்துப் போகிறார். சமையல்காரருக்கும் எனக்கும் ஆசீர். இவ்வளவும் தமிழில், தெளிவான எழுத்தில். அதன்பிறகு அவரிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. விசாரித்தேன். கிடைத்த பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, அதனால் எதையும் இங்கே எழுதவில்லை.

அந்த அட்டையின் அடியில் இன்னொரு வரி இருந்தது. "என் மாணவரில் ஒருவர் உங்களுக்குத் தம் கையால் எழுதுகிறார்" என்று சாமி தமிழில் முன்குறிப்புப் போட்டிருந்தார். அதற்குக் கீழே தணிக்கையாளர் கறுப்பு மையால் பட்டையாக அடித்திருந்தார். படிக்கத் தெரியாததை அடிப்பது அவர் கடமை. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஒரு சொல்கூடத் தேறவில்லை. மைப் பட்டையின் மேல்விளிம்பில் மட்டும், அது எட்டாத இடத்தில், ஓர் எழுத்தின் தலையில் போட்ட சின்னக் கொக்கி ஒன்று நின்றுகொண்டிருந்தது.